நகரக் காட்டில் பூச்சி வகை கூடியிருக்கிறது என்றால், மண் நலமாக இருக்கிறதா?

ஒரு நகரத்துக்குள் இருக்கும் காட்டையும், அதே நகரத்துக்கு வெளியே உள்ள காட்டையும் ஆய்வாளர்கள் ஒப்பிடுகிறார்கள். நகரத்துக்குள் சில உயிரினக் குழுக்களின் வகைகள் குறையவில்லை, சிலவற்றில் கூடியிருக்கின்றன என்று முடிவு வருகிறது. செய்தியில் இதைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். நகரமயமாதல் இயற்கையை அழிக்கிறது என்றுதானே இதுவரை கேள்விப்பட்டோம்? அப்படியானால் கட்டடங்களுக்கு நடுவே நான்கு ஏக்கர் மரம் மிஞ்சினால் போதுமா?

போதாது. எத்தனை வகை இருக்கின்றன என்ற எண்ணிக்கை மட்டும் மண்ணின் நிலையைச் சொல்லாது. எந்த வகை போயிற்று, அதன் இடத்துக்கு எது வந்தது, வந்தது பழைய வேலையைச் செய்கிறதா என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இதற்கு மரப்பேன் என்ற சின்ன உயிரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

முதலில், மண்ணில் யார் யார் இருக்கிறார்கள்

காட்டுத் தரையில் விழும் சருகு தானாக மக்கிவிடுவதில்லை. அதற்குப் பின்னால் பெரிய கூட்டமே வேலை செய்கிறது. மரப்பேன், மரவட்டை, மண்புழு போன்றவை சருகைத் தின்று துண்டாக்குகின்றன. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுள்ள துள்ளுவால் பூச்சிகளும் மண் உண்ணிகளும் பூஞ்சையை மேய்கின்றன. நல்ல காட்டு மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குள் இவை பல்லாயிரம் இருக்கும். பூரான், சிலந்தி, தரைவண்டு ஆகியவை இவற்றை வேட்டையாடுகின்றன. கடைசியில் பாக்டீரியாவும் பூஞ்சையும் எல்லாவற்றையும் சத்தாக மாற்றி வேருக்குக் கொடுக்கின்றன.

முதுகெலும்பில்லாத இந்தக் கூட்டத்தைத்தான் மண் முதுகெலும்பற்றவை என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கை கிடையாது. ஒரு பறவை ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்துவிடும். மரப்பேனுக்கு நடுவே ஓடும் நான்குவழிச் சாலை ஒரு கடல்தான்.

மரப்பேன்: நிலத்துக்கு ஏறி வந்த நண்டுச் சாதி

ஈரமான பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில், பட்டை பட்டையான ஓட்டோடு, பதினான்கு காலில் ஓடி ஒளியும் உயிர்தான் மரப்பேன். தொட்டால் சில வகைகள் உருண்டையாகச் சுருண்டுவிடும். பெயரில் பேன் இருந்தாலும் இது பேனும் அல்ல, பூச்சியும் அல்ல. இறால், நண்டு குடும்பத்தைச் சேர்ந்த ஓட்டுடலி. கடலிலிருந்து நிலத்துக்கு ஏறி, 3,500-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பெருகிய கூட்டம் இது.

ஆனால் நீரோடு இருந்த உறவை இது முழுதாக அறுத்துக்கொள்ளவில்லை. பூச்சிகளின் தோலில் நீர் போகாமல் காக்கும் மெழுகுப் பூச்சு உண்டு. மரப்பேனுக்கு அது இல்லை. வறண்ட இடத்தில் விட்டால் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும். ஆர்மடில்லிடியம் வகை மரப்பேனைப் புரட்டிப் பார்த்தால், வயிற்றின் பின்பகுதியில் இரண்டு ஜோடி வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவைதான் அதன் நுரையீரல். பழைய செவுள் மடல்களுக்குள்ளேயே உருவான காற்றறைகள் அவை. வேலை செய்ய ஈரமாக இருக்க வேண்டும். தாய் தன் முட்டைகளை வயிற்றுக்கு அடியில் உள்ள, நீர் நிரம்பிய ஒரு பையில் சுமக்கிறது. குஞ்சு அந்தப் பையிலிருந்து வெளிவரும்போது அதற்குப் பன்னிரண்டு கால்தான். ஏழாவது ஜோடி பிறகு தோலுரிக்கும்போது வருகிறது.

தோலுரிப்பதும் விசேஷமானது. முழு ஓட்டையும் ஒரே தடவையில் கழற்றுவதில்லை. முதலில் பின்பாதி, கொஞ்ச நேரம் அல்லது ஓரிரு நாள் கழித்து முன்பாதி. இடைப்பட்ட நேரத்தில் பின்பாதி வெளுத்தும் முன்பாதி கருத்தும் இருக்கும் மரப்பேனைப் பலர் பார்த்திருப்பார்கள். கழற்றுவதற்கு முன் ஓட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உள்ளே இழுத்து, மார்புக்கு அடியில் வெள்ளைத் தகடுகளாகச் சேர்த்து வைக்கிறது. புது ஓடு கெட்டியாக அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. கழற்றிய ஓட்டையும் பெரும்பாலும் தின்றுவிடுகிறது. அதற்குச் சுண்ணாம்புச் சத்து அவ்வளவு முக்கியம். நகரத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சுண்ணாம்பு விஷயம் மறுபடி வரும்.

நகரம் காட்டுத் தரையில் என்ன மாற்றுகிறது

நகரமயமாதல் என்றதும் மரம் வெட்டுவதுதான் நினைவுக்கு வரும். மரம் நின்றுகொண்டே இருக்கும்போது தரையில் நடக்கும் மாற்றங்கள்தான் இங்கே பேச்சு.

1. துண்டாதல். பெரிய காடு சிறு சிறு துண்டுகளாகும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஓரம் அதிகமாகிறது. ஓரத்தில் வெயிலும் காற்றும் நேராக உள்ளே வரும், சருகு காய்ந்துபோகும். துண்டு சின்னதாக இருந்தால் அதற்கு நடுப்பகுதி என்று ஒன்றே இல்லாமல் போகலாம்.

2. சுத்தம். என் கணிப்பில் அதிகக் கேடு செய்வதும், எளிதில் நிறுத்தக்கூடியதும் இதுதான். பூங்கா அழகாக இருக்க வேண்டும் என்று சருகைக் கூட்டி அள்ளுகிறார்கள். விழுந்த கிளையையும் பட்ட மரத்தையும் பாதுகாப்புக்காக அகற்றுகிறார்கள். புதரைக் கழிக்கிறார்கள். மரப்பேனுக்கு உணவும் அதுதான், பகலில் ஒளிந்து ஈரம் காக்கும் வீடும் அதுதான். இரண்டும் ஒரே லாரியில் போய்விடுகின்றன.

3. மிதி. நடைபாதையை விட்டு விலகி மக்கள் நடந்து நடந்து மண் இறுகிப்போகிறது. மண்ணுக்குள் இருக்கும் நுண்துளைகள்தான் துள்ளுவால் பூச்சிகளின் வீடு. அவற்றால் மண்ணைத் தோண்ட முடியாது. இருக்கும் துளையில்தான் வாழும். துளை நசுங்கினால் குடும்பமே போயிற்று.

4. வெப்பம். கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுகின்றன. இதனால் நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும், அதிலும் இரவில் வித்தியாசம் கூடுதல். மரப்பேன் வெளியே வந்து நடமாடுவதும் இரவில்தான்.

5. வேதி மாற்றம். வாகனத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் ஈயம், செம்பு, துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் சேர்கின்றன. கட்டுமானத் தூசியோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. குளிர்நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பும் உண்டு.

6. வந்தேறிகள். நாற்றுப்பண்ணைச் செடியின் வேர்மண், கப்பல் சரக்கு, தூண்டில் மண்புழு என்று பல வழிகளில் வெளியூர் உயிர்கள் வந்து இறங்குகின்றன. முதலில் இறங்கும் இடம் பெரும்பாலும் நகரம்தான்.

இந்த ஆறும் எல்லா உயிருக்கும் ஒரே மாதிரி கெடுதல் அல்ல. ஆர்மடில்லிடியம் வல்காரே என்ற உருளும் மரப்பேனை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் பூர்வீகம் மத்தியதரைக் கடல் பகுதி. வறட்சியை ஓரளவு தாங்கும், சூட்டை விரும்பும், சுண்ணாம்பு நிறைய வேண்டும். பழைய சுவர், காரை, நடைபாதைக் கல்லின் இடுக்கு எல்லாம் இதற்கு வசதியான இடங்கள். மனிதனோடு சேர்ந்து இது உலகின் பல பகுதிகளுக்கும் பரவிவிட்டது. நகரம் இதற்கு ஒரு புது வீடு. ஈரமான பழங்காட்டை விட்டு நகர முடியாத மரப்பேனுக்கோ அதே நகரம் பாலைவனம்.

இதை எப்படி அளக்கிறார்கள்

நகர மையம், புறநகர், வெளிக்காடு என்று ஒரே மாதிரி மரங்கள் உள்ள மூன்று இடங்களைத் தேர்ந்து ஒப்பிடுவதுதான் பொதுவான முறை. இதை நகர–கிராமச் சரிவு என்பார்கள். சரிவு என்றால் இங்கே மேடுபள்ளம் அல்ல, மனிதத் தலையீடு படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் கோடு. 1990-களின் கடைசியில் பின்லாந்தின் ஹெல்சிங்கியைச் சேர்ந்த சூழலியல் ஆய்வாளர் யாரி நியெமெலாவும் கூட்டாளிகளும் குளோப்நெட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். எல்லா நாடுகளிலும் ஒரே முறையில் தரைவண்டுகளைப் பிடித்து ஒப்பிடுவது அதன் நோக்கம். ஹெல்சிங்கி, சோஃபியா, எட்மன்டன், டெப்ரெட்சென் போன்ற நகரங்களில் இந்த வேலை நடந்தது.

பிடிக்கும் கருவி மிக எளிது. ஒரு பிளாஸ்டிக் டம்ளரை அதன் வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்து, உள்ளே கெடாமல் காக்கும் திரவம் ஊற்றி, மேலே மரப்பட்டைத் துண்டு ஒன்றை வைத்து மூடுவார்கள். நடந்து வரும் உயிர் தவறி விழும்.

இந்தப் பொறி எத்தனை உயிர் இருக்கிறது என்பதை மட்டும் அளப்பதில்லை. எவ்வளவு நடமாட்டம் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அளக்கிறது. சூடு கூடினால் இவற்றின் நடமாட்டமும் கூடும். சருகு இல்லாத வெறுந்தரையில் தடையில்லாமல் ஓடலாம். ஆக, நகரத்துப் பொறியில் நிறைய விழுந்தது என்பதாலேயே நகரத்தில் நிறைய இருக்கிறது என்று ஆகாது. செய்திகளில் இந்த நுணுக்கம் அநேகமாக விட்டுப்போகிறது.

முடிவை எதிர்பார்ப்பதிலும் மூன்று கருதுகோள்கள் உண்டு:

1. தலையீடு கூடக் கூட வகைகள் குறைந்துகொண்டே போகும்.
2. தலையீடு நடுத்தரமாக உள்ள புறநகரில்தான் வகைகள் அதிகம் இருக்கும்.
3. மொத்த எண்ணிக்கை எப்படி ஆனாலும், காட்டை மட்டுமே நம்பி வாழும் சிறப்பு வகைகள் நகரத்தை நோக்கிக் குறையும்.

டெப்ரெட்சென் காட்டியது

ஹங்கேரியின் இரண்டாவது பெரிய நகரம் டெப்ரெட்சென். அதன் வடக்குப் பக்கத்தில் நாடியெர்டோ, அதாவது பெருங்காடு, என்ற பழைய ஓக் காடு இருக்கிறது. 1939-ல் ஹங்கேரியின் முதல் இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதும் இதுவே. நகரம் வளர்ந்து காட்டின் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னொரு பகுதி வெளியே அப்படியே நிற்கிறது. ஒரே காடு, ஒரே மரம், சுற்றியுள்ள கட்டடத்தின் அளவும் பராமரிப்பும்தான் வேறு. ஒப்பிடுவதற்கு இப்படி ஓர் இடம் அமைவது அரிது. நகரப் பகுதியில் பாதைகளுக்குத் தார் போட்டிருந்தார்கள், விழுந்த மரங்களை எடுத்துவிட்டார்கள், புதர்களை நன்றாகக் கழித்திருந்தார்கள்.

திபோர் மகுரா, பெலா தோத்மேரேஸ், எர்ஷேபெத் ஹோர்னுங் முதலியோர் இங்கே தரைவண்டு, சிலந்தி, மரப்பேன் மூன்றையும் ஆராய்ந்தார்கள். மரப்பேன்களில் சிக்கியவை ஆறு வகைகள். ஆர்மடில்லிடியம் வல்காரே எங்கும் தாராளமாக இருந்தது. டிராக்கெலிபஸ் ராட்ஸ்பர்கி என்ற காட்டு மரப்பேனோ நகரத்தை நோக்கி வர வரக் குறைந்தது.

சிலந்தியில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மொத்த வகைகளின் எண்ணிக்கை நகரப் பகுதியில்தான் அதிகம்! தலைப்பாகப் போட்டால் நகரத்துக்கு நற்சான்றிதழ் மாதிரி இருக்கும். பிரித்துப் பார்த்தால், கூடியவை வெட்டவெளியில் வாழும் சிலந்திகள். புதர் போய் வெளிச்சம் வந்ததால் புல்வெளிச் சிலந்திகள் உள்ளே நுழைந்திருக்கின்றன. காட்டுச் சிலந்திகள் குறைந்திருக்கின்றன. மூன்றாவது கருதுகோள் இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

இன்னொரு விளைவும் உண்டு. ஹெல்சிங்கிக்கு ஒரு வகை, டெப்ரெட்செனுக்கு ஒரு வகை என்று தனித்தனியாக இருந்த உயிர்கள் குறைந்து, எல்லா நகரத்திலும் அதே நாலைந்து வகைகளே மிஞ்சுவதை உயிரினச் சீராதல் என்கிறார்கள். கனடாவின் எட்மன்டனில் பொறியில் விழுந்த தரைவண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து வந்த டெரோஸ்டிகஸ் மெலனாரியஸ் என்ற ஒரே வகைதான் ஆதிக்கம் செலுத்தியது. வட அமெரிக்க நகரங்களில் சாதாரணமாகக் கண்ணில் படும் மரப்பேன்களும் ஐரோப்பாவிலிருந்து போனவையே. ஒரு நகரத்தின் பட்டியலில் எண்ணிக்கை ஏறும் அதே சமயத்தில், உலகத்தின் மொத்தப் பட்டியல் சுருங்கிக்கொண்டிருக்கலாம்.

உலோகம்: தின்பவர் இல்லாத சருகு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே ஏவன்மவுத்தில் ஒரு பெரிய துத்தநாக உருக்காலை இருந்தது, 2003-ல் மூடப்பட்டது. அதன் புகை படிந்த ஹாலன் காட்டில் 1970, 80-களில் நடந்த ஆய்வுகள் இந்தத் துறைக்கே அடித்தளம். விலங்கியலாளர் ஸ்டீவ் ஹாப்கின் மரப்பேனின் உடலுக்குள் உலோகம் எங்கே போகிறது என்று தேடினார். பதில்: செரிமானச் சுரப்பி. நான்கு நீண்ட குழாய்களாக இருக்கும் அந்தச் சுரப்பியின் செல்களில் செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம் எல்லாம் சிறு மணிகளாகக் கட்டிவைக்கப்படுகின்றன. மரப்பேனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கச் செம்பைப் பயன்படுத்துவதால் அதைச் சேமிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மற்ற உலோகங்களும் கெடுதல் செய்யாதபடி அங்கே பூட்டப்படுகின்றன. இதனால் மரப்பேன் மாசான இடத்திலும் பிழைக்கிறது. மாசை அளக்க உதவும் உயிரியாகவும் ஆகியிருக்கிறது.

மண்புழுவுக்கும் மரவட்டைக்கும் அந்தத் தாக்குப்பிடிக்கும் திறன் அதே அளவுக்கு இல்லை. அவை குறைந்ததால் ஹாலன் காட்டில் சருகு மக்காமல் தடிமனாகக் குவிந்து கிடந்தது. மரம் தன் சத்தையெல்லாம் இலையாகக் கீழே போட்டுவிட்டது. அதைத் திருப்பித் தருவதற்கு ஆளில்லை.

நியூயார்க்கில் நடந்தது நேரெதிர்

1980-களின் இறுதியில் மார்க் மெக்டானலும் ஸ்டூவர்ட் பிக்கெட்டும் நியூயார்க்கின் பிராங்க்ஸில் தொடங்கி கனெக்டிகட்டின் கிராமப்புறம் வரை 140 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஆய்வுப் பட்டையை வகுத்தார்கள். எல்லா இடத்திலும் ஓக் காடுகள். நகர முனையில் மண்ணில் உலோகம் அதிகம். பூஞ்சையும் நுண்ணிய மண் உயிர்களும் குறைவு. நகரத்து ஓக் இலையை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது அது கிராமத்து இலையைவிட மெதுவாகவே மக்கியது. இதுவரை ஏவன்மவுத் கதைதான்.

ஆனால் காட்டிலேயே வைத்து அளந்தபோது, நகரத்தில்தான் சருகு வேகமாக மக்கியது. காரணம் சூடும் மண்புழுவும். நகரக் காட்டில் மண்புழுக்கள் கிராமக் காட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தன.

மண்புழு என்றதும் நமக்கு நல்ல செய்தியாகவே தோன்றும். உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். வட அமெரிக்காவின் வடபகுதியில் கதை வேறு. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளம் மூடிய இடங்களில் சொந்த மண்புழுக்களே மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு வந்த காடுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக மண்புழு இல்லாமல், பூஞ்சையின் மெதுவான மக்கலை நம்பி, தரையில் தடித்த சருகு மெத்தையோடு வளர்ந்தவை. ஐரோப்பிய, ஆசிய மண்புழுக்கள் வந்து அந்த மெத்தையைத் தின்றுவிட்டால், அதில் முளைக்கும் செடிகளுக்கும் அதில் வாழும் சாலமண்டர்களுக்கும் (பல்லி போலிருக்கும், தவளைக்கு உறவான உயிர்கள்) இடமில்லை. நைட்ரஜன் வேகமாக விடுபட்டு, வேர் எடுப்பதற்குள் மழைநீரோடு போய்விடும் வாய்ப்பும் கூடுகிறது.

இரண்டும் நகர, தொழில் தாக்கம்தான். ஓரிடத்தில் சருகு குவிந்தது, இன்னோரிடத்தில் காணாமல் போனது. அதனால்தான் "நகரமயமாதலால் மக்குதல் கூடுமா, குறையுமா" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கேட்பது சரியல்ல.

நம்மூர்க் காடுகளுக்கு இது எவ்வளவு பொருந்தும்

மேலே சொன்னவை எல்லாம் வெப்பமண்டலத்துக்கு வெளியே உள்ள குளிர் ஊர்கள். சென்னைக்குள் சுமார் 2.7 சதுர கிலோமீட்டரில் இருக்கும் கிண்டி தேசியப் பூங்கா போன்ற வெப்பமண்டல வறண்ட காட்டில் சருகையும் பட்ட மரத்தையும் தீர்ப்பதில் கரையானுக்கும் எறும்புக்கும் பெரிய பங்கு உண்டு. வறட்சிக் காலம் நீளமானது. மரப்பேன் பட்டியலை அப்படியே எடுத்து இங்கே பொருத்தக் கூடாது. காரணங்கள் மட்டும் பொருந்தும்: சருகை அள்ளி எரித்தால் சூட்டைத் தடுக்கும் போர்வை போகும், மிதித்து இறுக்கினால் மழை மண்ணுக்குள் இறங்காது, துண்டானால் ஓரம் காயும். எந்த உயிர் அதில் முதலில் விழும் என்பதை இங்கேயே மண்ணைத் தோண்டித்தான் அறிய முடியும்.

சரி, என்ன செய்யலாம்

பெருஞ்செலவு வேண்டியதில்லை. பாதையில் விழுந்த சருகை மட்டும் கூட்டி, காட்டுக்குள் இருப்பதை விட்டுவிடலாம். நடப்பவர் தலையில் விழக்கூடிய கிளையை வெட்டினாலும், வெட்டிய கட்டையை அங்கேயே தரையில் போட்டு மக்க விடலாம். பாதைகளைக் குறைத்துத் தெளிவாக அமைத்தால் மிதி ஓரிடத்தோடு நிற்கும். ஓரத்தில் புதரை வளரவிட்டால் காற்று தடைபட்டு உள்ளே ஈரம் தங்கும்.

இவற்றால் வாழ்விடம் சில ஆண்டுகளில் தேறிவிடும். உயிர் திரும்புவதுதான் சிக்கல். தார்ச்சாலைகளால் சூழப்பட்ட துண்டுக் காட்டுக்கு டிராக்கெலிபஸ் மாதிரியான உயிர் தானாக நடந்து வராது. பக்கத்துப் பழங்காட்டிலிருந்து மக்கிய கட்டைகளை உயிர்களோடு கொண்டுவந்து போடுவது ஒரு வழி. ஆனால் எங்கிருந்தோ வாங்கிய மண்ணையும் நாற்றையும் கொட்டினால் அதோடு வந்தேறிகளும் சேர்ந்து வரும். அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள எல்லா மண்புழுக்களும் வெளியிலிருந்து வந்தவை. மீன்பிடிக்கப்போன இடத்தில் மிச்சமான தூண்டில் புழுவைக் கொட்டியது அவை காட்டுக்குள் பரவிய வழிகளில் ஒன்று. ஒரு நகரக் காட்டில் புதிதாக மரம் நடப்போகிறவர்கள் நாற்றின் வேர்மண்ணை நடுவதற்கு முன்பே உதறிப் பார்த்துவிட வேண்டும். உள்ளே போன புழுவைப் பிறகு வெளியே எடுக்க இன்றுவரை நடைமுறையில் வழியில்லை.